ஏழு கிலோ ஏறிவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தண்டையார்பேட்டையில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் பில் போடும் வேலை. முதல் குழந்தை, இப்போது 26 வாரம். உயரம் 156 செ.மீ. கர்ப்பம் ஆவதற்கு முன் 54 கிலோ, இப்போது 61. போன செக்கப்பில் எடை பார்த்த நர்ஸ், வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அஞ்சு வாரத்துல ரெண்டரை கிலோவா? வாயக் கட்டும்மா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரி சாப்பிடுவதில்லை. மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு, சாயந்திரம் டீ, பிஸ்கட், ராத்திரி ஒரு டம்ளர் மோர், மறுநாள் எட்டரைக்கு இட்லி. மாமியாரோ "ரெண்டு உசுருக்குச் சாப்டணும்" என்று தட்டில் போட்டுக்கொண்டே இருக்கிறார். நாத்தனார் "இன்னா அண்ணி, இப்டி ஊதிட்டீங்க" என்கிறாள். கணவர் விளையாட்டாக "குண்டம்மா" என்று கூப்பிடுகிறார். முகமும் கழுத்தும் கறுத்துவிட்டன, வயிற்றில் கோடு கோடாக விழுந்திருக்கிறது, தொடை உரசி எரிகிறது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. அடுத்த மாதம் வளைகாப்பு. போட்டோ எடுப்பார்களே என்று அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் காலையிலும் ராத்திரியும் வெயிட் மெஷினில் ஏறிப் பார்க்கிறேன். காலேஜ் படிக்கும்போது 68 கிலோ இருந்தேன். பட்டினி கிடந்தும், சில நாள் சாப்பிட்டதை வாந்தி எடுத்தும்தான் குறைத்தேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. குறைவாகச் சாப்பிட்டால் குழந்தை சின்னதாக இருக்கும், சுகப்பிரசவம் ஆகும் என்று ஆபீஸில் ஒரு அக்கா சொல்கிறார். உண்மையா? பிரசவத்துக்கு அப்புறம் பழைய உடம்பு வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அம்மா, இன்று ராத்திரி சாப்பிடுங்கள். மூன்று இட்லி, கூட ஒரு கரண்டி சாம்பார். இல்லையென்றால் இரண்டு சப்பாத்தி, ஒரு முட்டை. சாப்பிட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி ஒரு நல்ல சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில் 19 மணி நேரம் இருக்கிறது. கர்ப்பம் இல்லாதபோது உடம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும். இப்போது அப்படி முடியாது. நீங்கள் தூங்கும்போதும் குழந்தை உங்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் மற்றவர்களைவிட உங்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் இறங்கும். உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பித்து, அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேரும். கொழுப்பு கரைவது நல்லதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். இந்த நேரத்தில் நல்லதில்லை. கர்ப்பத்தில் எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கச் சொல்லி எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்லமாட்டார், 90 கிலோ இருக்கிறவருக்கும் சொல்லமாட்டார்.

ஆபீஸ் அக்கா சொன்னதை நானும் வட சென்னையில் டாக்டராகப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது தவறு. சுகப்பிரசவம் குழந்தையின் எடையை மட்டும் வைத்து நடப்பதில்லை. இடுப்பெலும்பின் அமைப்பு, குழந்தையின் தலை திரும்பியிருக்கும் விதம், வலி எப்படி வருகிறது, இத்தனையும் சேர்ந்துதான் முடிவாகும். வயிற்றில் சரியாக வளராத குழந்தை பிரசவ வலியின் அழுத்தத்தைத் தாங்காமல், இதயத்துடிப்பு இறங்கி, அதனாலேயே அவசர சிசேரியன் ஆவதும் உண்டு. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் உடம்புச் சூடு நிற்பது, பால் குடிப்பது, தொற்று வராமல் பார்ப்பது எல்லாமே சிரமம். சின்னக் குழந்தை சுலபமான குழந்தை இல்லை.

இனி அந்த 7 கிலோவுக்கு வருவோம். 156 செ.மீ. உயரத்துக்கு 54 கிலோ என்றால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. எண் 22 சொச்சம். நம் ஊர்க்காரர்களுக்கு 23 தாண்டினால்தான் அதிக எடை என்று கணக்கு. நீங்கள் சரியான எடையில்தான் கர்ப்பமானீர்கள். அமெரிக்காவில் 2009-ல் வெளியிட்ட ஒரு அளவு பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி சரியான எடையோடு தொடங்குகிறவர்கள் பிரசவம் வரை 11.5 முதல் 16 கிலோ ஏறலாம். ஒல்லியாக, பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருக்கிறவர்கள் 18 கிலோ வரைகூட. ஏற்கெனவே பருமனாக இருக்கிறவர்களுக்கு 5 முதல் 9 கிலோ போதும். நம் அரசு வழிகாட்டுதல் பொதுவாக 9 முதல் 11 கிலோ என்றும், முதல் மூன்று மாதம் போன பிறகு மாதத்துக்கு 2 கிலோ போல என்றும் சொல்கிறது. இந்த இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும், 26 வாரத்தில் 7 கிலோ என்பது பதற வேண்டிய எண் இல்லை. இதே வேகத்தில் போனால் 13, 14 கிலோவில் முடிப்பீர்கள். என் ஓ.பி.யில் நீங்கள் வந்திருந்தால் "சரியா இருக்கும்மா" என்று அட்டையில் எழுதிவிட்டு, பி.பி. பார்க்கப் போயிருப்பேன்.

நர்ஸ் சொன்ன ரெண்டரை கிலோ ஐந்து வாரத்துக்கானது. வாரத்துக்கு அரை கிலோ. வழிகாட்டுதல் சந்தேகப்படச் சொல்வது மாதத்துக்கு 3 கிலோவுக்கு மேல் ஏறும்போதுதான். அப்போதும் முதலில் பார்க்கச் சொல்வது ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை இதையெல்லாம். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கி, மோதிரம் இறுகினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இதில் எது வந்தாலுமோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாயந்திரமானால் கால் மட்டும் வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் சாதாரணம்தான், பி.பி.யை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குள் போனதெல்லாம் தொடையில் போய் உட்கார்ந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். பிரசவ நேரத்தில் ஒரு 12 கிலோ எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். குழந்தை 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பனிக்குட நீர் ஏறக்குறைய ஒரு கிலோ. கர்ப்பப்பை ஒரு கிலோ. மார்பில் அரைக் கிலோ. உங்கள் ரத்தமே பழைய அளவைவிட 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும், அது ஒன்றேகால், ஒன்றரை கிலோ. உடம்பில் சேரும் நீர் இன்னொரு ஒன்றரை. இதெல்லாம் போக மீதி 3 கிலோ போலத்தான் கொழுப்பு. அதுவும் காரணத்தோடு வருவது, பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு எடுத்து வைக்கிற சேமிப்பு. அந்தச் சேமிப்பு பெரும்பாலும் நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்குள் இடுப்பிலும் தொடையிலும்தான் சேரும். இந்த நேரத்தில் உங்களுக்குத் தொடை பெருத்தது போலத் தெரிவது நீங்கள் எதையும் அதிகமாகத் தின்றதால் இல்லை.

அந்த நர்ஸ் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. கூட்டம், நெருக்கடி, நிற்க நேரமில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு பெண்ணின் எடையைப் பத்துப் பேருக்குக் கேட்கச் சொல்லக் கூடாது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. காசிமேட்டிலிருந்து வருகிற ஒல்லியான பெண்களிடம், "வயித்துல புள்ள இருக்குதா இல்லியா, தெரியவே இல்ல" என்று தெருவில் நான்கு பேராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண்ணும் அழுதுகொண்டேதான் உள்ளே வருவாள். இளைத்தாலும் பேச்சு, பெருத்தாலும் பேச்சு. அடுத்த முறை எடை பார்க்கும்போது, "அட்டையில எழுதிடுங்க சிஸ்டர், சத்தமா சொல்ல வேணாம்" என்று கேளுங்கள். விருப்பம் இருந்தால் எண் தெரியாதபடி திரும்பி நின்றுகொள்ளலாம். உங்கள் எடையை மருத்துவர் பார்த்தால் போதும்.

வீட்டு மெஷினைக் கணவரிடம் கொடுத்துப் பரண் மேல் போடச் சொல்லுங்கள். காலைக்கும் ராத்திரிக்கும் நடுவில் ஒரு கிலோ வித்தியாசம் யாருக்கும் வரும். குடித்த தண்ணீர், முந்தின நாள் சாப்பிட்ட ஊறுகாய், மலச்சிக்கல், போட்டிருக்கும் துணி எல்லாம் அதில் உண்டு. தினம் இரண்டு வேளை பார்த்தால் மனம்தான் கெடும்.

இனி உங்கள் கணவரிடம் இரண்டு வார்த்தை. இந்தப் பத்தியை மட்டும் அவருக்குக் காட்டுங்கள். தம்பி, நீங்கள் பாசமாகத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று உங்கள் மனைவிக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அந்தச் சொல்லோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் தங்கையும் அப்படிப் பேசாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்கள் மனைவி சொன்னால் அது சண்டையாகும். ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மாமியார் அவர் அம்மாவிடம் கேட்டதைத்தான் சொல்கிறார். இரண்டு உயிர் என்பது சரி, இரண்டு மடங்கு சாப்பாடு என்பதுதான் சரியில்லை. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். அது ஒரு வேகவைத்த முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அவ்வளவுதான். பாலை ராத்திரியும், கடலையைப் பதினோரு மணிக்கு ஆபீஸிலும் வைத்துக்கொண்டால் பசியும் இருக்காது, தட்டில் சோறும் குவியாது. உங்கள் மாமியாரிடம் அந்த முட்டையையும் சுண்டலையும் பொறுப்பாகக் கொடுத்துப் பாருங்கள். "அத்தை, டாக்டர் சோத்தக் கொறச்சி இத ஏத்தச் சொன்னாங்க" என்று என் பேரைச் சொல்லிக்கொள்ளுங்கள். ஊட்டவேண்டும் என்ற அவர் ஆசையும் வீணாகாது. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகம் வந்திருந்தால் அதில் உள்ள பேரீச்சம்பழம், சத்துமாவு இரண்டும் நல்லது. நெய் ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள்.

காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீனைச் சொல்லாமல் விட முடியாது. நெத்திலி, மத்தி, சங்கரா, காரப்பொடி வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். புரதமும் குழந்தையின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பும் அதில் கிடைக்கும். சுறா வேண்டாம். மயில் மீன், பெரிய வஞ்சிரம் மாதிரி பெரிய மீன்களையும் குறைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். கருவாட்டில் உப்பு அதிகம், கொஞ்சம் பி.பி. ஏறினாலும் நிறுத்திவிடுங்கள். சாயந்திரம் டீக்கடை பஜ்ஜிக்கும் கிரீம் பிஸ்கட்டுக்கும் பதில் சுண்டல்.

நடை அவசியம். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். நடக்கும்போது பேச முடிகிற வேகம் போதும். உங்கள் பக்கத்து ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் நடக்கச் சொல்லமாட்டேன். காலை ஏழு மணிக்குள் மொட்டை மாடியில் நடங்கள். விடுமுறை நாளில் திருவொற்றியூர் மாடவீதியைக் கணவரோடு ஒரு சுற்று வரலாம். எடையைக் குறைக்க என்று நினைத்து நடக்காதீர்கள். சர்க்கரை கட்டுப்படும், தூக்கம் வரும், முதுகு வலி குறையும், மனம் லேசாகும். சர்க்கரை என்றதும் ஒன்று: 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்ட் மறுபடி செய்ய வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிப்பார்கள். நம் ஊரில் செய்கிற முறைக்கு வெறும் வயிறு தேவையில்லை. உங்களுக்குச் செய்தாயிற்றா என்று பாருங்கள். கழுத்துக் கறுப்பு வெல்வெட் துணி போலத் தடித்து, மடிப்பு மடிப்பாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், சில நேரம் அது சர்க்கரையோடு சம்பந்தப்பட்டது.

மற்றபடி முகத்து மங்கும், வயிற்றின் நடுவே ஓடும் கறுப்புக் கோடும் ஹார்மோன் வேலை. பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் மெதுவாக மங்கும். வெயிலில் குடை பிடியுங்கள். மூலக்கடையிலோ வண்ணாரப்பேட்டையிலோ பேர் தெரியாத சிவப்பழகு கிரீம் எதையும் வாங்கிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்திருக்கும். வயிற்று வரிகள் எந்த எண்ணெய் தேய்த்தாலும் வராமல் இருக்காது. பரம்பரைதான் அதில் பெரும்பங்கு. தேங்காய் எண்ணெய் அரிப்பைக் குறைக்கும், அந்த அளவுக்கு நல்லது. உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி தாங்கமுடியாத அரிப்பு வந்தால் அது வேறு. ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். தொடை எரிச்சலுக்குக் காட்டனில் முட்டி வரை வருகிற ஷார்ட்ஸ் உள்ளே போட்டு, வாசலின் தடவினால் போதும். வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்து அரித்தால் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆயின்ட்மென்ட் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய சுடிதாரைப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் முன்பக்கம் திறக்கிற மாதிரி தளர்வான காட்டன் குர்தா மூன்று எடுங்கள். பால் கொடுக்கும்போதும் அதுவே உதவும். இறுக்கமான துணி நாள் முழுக்க உடம்பை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது காலேஜ் நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரியைத்தான். பட்டினி கிடந்து, வாந்தி எடுத்து எடை குறைப்பது ஒரு நோய். அது உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை. சரியாகிவிட்டது போல இருந்து, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ திரும்ப வரக்கூடியது. சாப்பாட்டைத் தள்ளுவது, தினம் இரண்டு வேளை எடை பார்ப்பது, கண்ணாடியைத் தவிர்ப்பது எல்லாம் அதன் வாசல்படி. மறுபடி வாந்தி எடுக்க ஆரம்பித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இதயத்துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் உங்கள் 7 கிலோவைவிட இதற்காக நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம், "உங்ககிட்ட தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று கேட்டு, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். வாயால் சொல்ல வரவில்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் உங்களை மனநல மருத்துவரிடம் அனுப்பினால் போங்கள், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அதற்கான பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் பேச்சு வழியாகவே சிகிச்சை நடக்கும். மருந்து தேவைப்பட்டாலும் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடியவை உண்டு. ஆஸ்பத்திரி நாள் வரும்வரை காத்திருக்க முடியாத ராத்திரி ஏதாவது வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் கூப்பிடலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் யாரிடம் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கணவருக்குத் தெரிந்தால் உங்களுக்கு ஒரு துணை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

வளைகாப்பு விஷயத்தில் நான் வற்புறுத்தமாட்டேன். வேண்டாம் என்பது உங்கள் விருப்பமானால் அது வேண்டாம். ஆனால் போட்டோவுக்குப் பயந்து மட்டும் விடுகிறீர்கள் என்றால், போட்டோகிராபர் இல்லாமல், வீட்டுக்குள் உங்களுக்குப் பிடித்த பத்துப் பேரோடு, ஐந்து வகைச் சாதத்தோடு செய்யலாம். போட்டோ எடுக்க உங்கள் சிநேகிதி ஒருத்தி போதும், எதை வைத்துக்கொள்வது என்று பிறகு நீங்கள் முடிவு செய்யலாம்.

பழைய உடம்பு வருமா என்று கேட்டிருந்தீர்கள். பிரசவத்தன்றே 5 கிலோ போல இறங்கும். அடுத்த ஓரிரு வாரத்தில் சேர்ந்திருந்த நீர் வியர்வையாகவும் சிறுநீராகவும் வெளியேறும். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். அதுவரை வயிறு ஐந்து மாதம் போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள், துணியை இறுக்கிக் கட்டிக் கரைக்கவும் பார்க்காதீர்கள். மீதி எடை குறைய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். 54-க்கே வரலாம், 56-ல் நிற்கலாம், இடுப்பு கொஞ்சம் அகலமாகவே இருந்துவிடலாம். தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் கர்ப்பத்தைவிட அதிகமாக, தினம் 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும். அதனால் அப்போதும் டயட் என்று ஆரம்பிக்காதீர்கள். ஆறாவது வாரச் செக்கப்புக்குப் போகும்போது குழந்தையின் எடையைத்தான் எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள், எப்படிச் சாப்பிடுகிறீர்கள், அழுகை வருகிறதா என்பதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.